வெயில் விழும் படிக்கட்டு

ஊட்டியில் குடியிருக்கிறோம் என்பதால், டிசம்பர் பிறந்ததும் கோயம்புத்தூரிலும் ஈரோட்டிலும் இருக்கும் உறவினர்கள் எங்களைத் தொலைபேசியில் அழைத்து நலம் விசாரிக்கத் தொடங்கிவிடுவார்கள். ஊட்டியை அடுத்த தலைகுந்தாவில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும் படத்தை ஏதாவதொரு நாளிதழில் பார்த்துவிட்டு, இந்தக் குளிரில் எப்படித்தான் காலம் தள்ளுகிறீர்களோ என்று இரக்கப்படுவார்கள். அந்த இரக்கத்தை நாங்கள் மறுப்பதில்லை. ஆனால் அது தவறான மாதத்தில் வந்து சேர்கிறது. இவ்வூர்க்காரர்களுக்குப் பொறுக்க முடியாத குளிர் என்பது ஆனியும் ஆடியும்தான். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. நண்பகலிலும் வெப்பம் 16, 17 டிகிரியைத் தாண்டத் தயங்கும். துவைத்த துணி ஈரவாடையோடு கொடியிலேயே தொங்கும். அவரவர் கதவை அடைத்துக்கொண்டு அவரவர் வீட்டுக்குள் கிடப்போம். மார்கழியும் தையும் அப்படியல்ல. இரவில் பூஜ்ஜியத்தை நெருங்கிய அதே ஊர், பகல் பதினொரு மணிக்கெல்லாம் 20 டிகிரிக்கு அருகில் வந்து, ஒரு பொட்டு மேகமில்லாத நீல வானத்தின் கீழ்ப் பளிச்சென்று நிற்கும். எங்கள் குளிர்காலம் இருட்டுக்கும் நிழலுக்கும் உரியது. வெயில் இருக்கும் இடத்தில் அது இல்லை. வீட்டு வேலை, கடை வேலை, அக்கம்பக்கத்துப் பேச்சு எல்லாமே இந்த ஒரு கணக்கை ஒட்டித்தான் நடக்கின்றன.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம் என்று ஊட்டியைப் பற்றிப் பொதுவாகச் சொன்னாலும், பனி விஷயத்தில் அந்த ஒற்றை எண் உதவாது. உயரம் கூடக் கூடக் குளிரும் கூடும் என்று பள்ளியில் படித்தது இங்கே மார்கழி இரவுகளில் தலைகீழாகிவிடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்திடம் இழந்துவிட, அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகி, சரிவுகளில் மெல்ல இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. அதனால்தான் குதிரைப் பந்தய மைதானமும், தாவரவியல் பூங்காவின் புல்வெளியும், காந்தல் என்ற குடியிருப்பின் பள்ளப் பகுதியும் வெள்ளை பூத்துக் கிடக்கும் காலையில், காந்தலுக்கு மேலே சரிவில் இருக்கும் எங்கள் தெருவில் வெறும் நீர்ப்பனி மட்டும் இலை நுனிகளில் நின்றுகொண்டிருக்கும். நடந்து இறங்கினால் பத்து நிமிடம். அதற்குள் நீர்ப்பனி உறைபனியாக மாறிவிடுகிறது.

எங்கள் தெருவில் இந்து நகரின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டாலும், வெப்பநிலையைப் பார்த்துக் குறித்து வைக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. திண்ணைத் தூணில் ஒரு வெப்பமானியும், புல்தரையில் ஒரு செங்கல்லின் மேல் இன்னொன்றும் வைத்திருக்கிறார். நாளிதழில் 3 டிகிரி என்று போட்டிருக்க, உறைபனி எப்படி விழும் என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்கு அன்றைய காலைப்பொழுது இனிதாகிவிடும். வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து நான்கடி உயரத்தில் ஒரு மரக்கூண்டுக்குள் இருக்கிறது, புல்லின் நுனியோ அதைவிடச் சில டிகிரி குளிர்ந்துவிடுகிறது, ஆகவே இரண்டும் பொய்யில்லை என்று தூணையும் செங்கல்லையும் காட்டி விளக்குவார். மாலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருந்து, காற்றும் அடங்கி, நட்சத்திரங்கள் நெருங்கித் தெரிந்தால், நாளைக்குப் பனி கொட்டும் என்று தெருவுக்கே அறிவித்துவிட்டுத்தான் உறங்கப் போவார். வங்கக் கடலில் ஒரு புயல் சின்னம் உருவாகி மேகம் மூடிக்கொண்டால் மட்டும் அவருடைய வாக்கு தவறும். போர்வையைப் போட்டு மூடிய தரை எப்படி உறையும் என்று அப்போதும் அவரே சமாதானம் சொல்லிவிடுவார்.

வீட்டுக்குள் குளிர்காலம் முதலில் தெரிவது சமையலறை அலமாரியில். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் என்பதால் இவ்வூரில் அது ஆண்டின் பெரும்பகுதி வெண்ணெய்போல்தான் இருக்கும், மார்கழியில் கல்லாகிவிடும். பள்ளிக்குக் கிளம்பும் மகனின் தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டுமானால், அடுப்பில் பால் ஏறும்போதே பக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலையும் வைத்துவிட வேண்டும். நியாயவிலைக் கடைப் பாமாயிலும் பாக்கெட்டுக்குள் பாதி உறைந்து நிற்கும். சமையல் எரிவாயு சிலிண்டர் தீரும் தறுவாயில் இருந்தால், காலையில் தீ நீலமாக எழும்பாமல் சோர்ந்து எரியும். உள்ளே இருக்கும் திரவத்தில் ஒரு பங்கான பியூட்டேன், குளிரில் ஆவியாகத் தயங்குவதே காரணம். அதே சிலிண்டர் மதியத்தில் நன்றாகவே எரியும். இது தெரியாமல் காலையிலேயே சிலிண்டர் காலியாகிவிட்டது என்று பதிவு செய்துவிடும் புதுக்குடித்தனக்காரர்களை ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

மாவு புளிப்பதும் தயிர் உறைவதும் அத்தையின் பொறுப்பு. என் மாமியாரான அவர் திருமணமாகி இவ்வூருக்கு வந்தது ஒரு மார்கழியில். வந்த புதிதில் தட்டு தட்டாக வந்த இட்லியைப் பற்றி இன்றும் சொல்லுவார். இப்போது அவருக்கு அது ஒரு கலையாகிவிட்டது. வெதுவெதுப்பான நீர் ஊற்றி மதியத்திலேயே மாவை அரைத்து, பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, மாலையில் பாய்லர் மூட்டும் இடத்துக்கு அருகில் வைத்துவிடுவார். தயிர்ப் பாத்திரம் அரிசி டப்பாவுக்குள் கழுத்தளவு புதையும். கீழே சமவெளியில் ஓர் இரவில் நடக்கும் வேலைக்கு இங்கே ஏறத்தாழ ஒரு முழுநாள் தேவை. பருப்பு வேகவைப்பது குளிரால் அல்ல, உயரத்தால் வரும் தொல்லை. தண்ணீர் இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், குக்கர் இல்லாமல் துவரம்பருப்பை வேகவைக்க நினைப்பவருக்கு நிரம்பப் பொறுமை வேண்டும்.

குளியலுக்கு எங்கள் வீட்டில் இன்னும் செம்புப் பாய்லர்தான். மின்சார கீசரும் இருக்கிறது. ஆனால் குளிர்காலக் காலையில் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் கீசரைப் போடுவதால் மின்னழுத்தம் இறங்கிவிடும் என்பது ஒரு காரணம், விறகுச் சூட்டில் காய்ந்த வெந்நீருக்கு ஈடில்லை என்று அத்தை நம்புவது இன்னொரு காரணம். விறகில் வாட்டில் எனப்படும் சீகை மரம்தான் உயர்ந்தது: நின்று எரியும், கங்கு விழும். கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் விறகு மணக்கும், ஆனால் வேகமாக எரிந்து தீர்ந்துவிடும். ஐப்பசி மழைக்கு முன்பே விறகு வாங்கிப் பிளந்து அடுக்கிவிட வேண்டும். மார்கழியில் வாங்கினால் ஈரவிறகின் புகையோடு தை பிறந்துவிடும்.

நெருப்பைப் பற்றிப் பேசும்போது ஒன்றை அழுத்திச் சொல்லத்தான் வேண்டும். கரியை ஒரு சட்டியில் மூட்டி அறைக்குள் வைத்து, கதவு ஜன்னல்களை இறுக அடைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போன செய்தி இம்மாவட்டத்தில் குளிர்காலந்தோறும் வருகிறது. பெரும்பாலும் சுற்றுலா வந்தவர்களோ, வேலைக்கென்று வெளிமாநிலத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர்களோதான் இப்படிப் பலியாகிறார்கள். கரி நெருப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; புகை போய்விட்டது, இனி உள்ளே எடுத்துச் செல்லலாம் என்று நினைக்கும் கங்கில்தான் ஆபத்து அதிகம். எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்கு ஜார்க்கண்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த இளைஞர்கள் குடிவந்த அன்று, அத்தை பழைய ரஜாய் ஒன்றையும் ரப்பர் வெந்நீர்ப் பையையும் எடுத்துக்கொண்டு போய், சைகையாலேயே கரிச்சட்டியைக் காட்டிக் கையை விரித்து மறுத்துவிட்டு வந்தார். அவருக்குத் தெரிந்த இந்தி அவ்வளவுதான்; ஆனால் அவர்கள் புரிந்துகொண்டார்கள்.

எங்கள் தெரு என்று சொல்லிக்கொண்டிருப்பது உண்மையில் ஒரு படிக்கட்டு. மேலே தார்ச்சாலை, கீழே காந்தலுக்குப் போகும் பாதை, இரண்டுக்கும் நடுவில் கருங்கல் படிகள், படிகளின் இருபுறமும் வீடுகள். கிழக்கே 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா மலை நிற்பதால் சூரியன் எங்களுக்கு எப்போதுமே தாமதம்தான். ஒளி முதலில் மேல்படிகளில் விழுந்து, பிறகு ஒவ்வொரு வீடாக இறங்கிக் கீழே வரும். வெயில் விழும் படியில்தான் ஆட்கள் இருப்பார்கள். கீரை ஆய்வது, பூண்டு உரிப்பது, கம்பளி நூலில் குல்லா பின்னுவது, பிள்ளைகளின் ஈரமான காலுறைகளைச் சுவரில் பரப்புவது என்று வீட்டுக்குள் செய்ய வேண்டிய வேலைகளெல்லாம் முறங்களோடும் தட்டுகளோடும் வெளியே வந்துவிடும். மேல்வீட்டு அக்கா, இம்மலையின் படுகர் சமூகத்தைச் சேர்ந்தவர், நான் சமையலறையை விட்டு வெளியே வராமல் இருப்பதைக் கண்டால், “வெயிலை விட்டுட்டு உள்ளே என்ன பண்றே, வா இப்படி” என்று அழைப்பார். ஆடி மாதத்தில் வாரக்கணக்கில் அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன். மருமகளுக்கு எந்த மாதம், யார் வீட்டு வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, பசுந்தேயிலைக்கு இந்த மாதம் என்ன விலை கிடைத்தது என்பதெல்லாம் தெருவில் அனைவருக்கும் தெரியவருவது மார்கழி, தை வெயிலில்தான்.

கடைக்குப் போவதற்கும் இதே கணக்குத்தான். பத்தரை மணிக்கு முன்னால் இறங்குவதில்லை, நான்கு மணிக்குள் திரும்பிவிட வேண்டும்; நான்கு மணிக்குப் பிறகு நிழல் கீழிருந்து படியேறத் தொடங்கிவிடும். மாநிலம் முழுவதும் 2019-இல் நெகிழிப் பைகளுக்குத் தடை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இம்மாவட்டம் அதைத் தொடங்கிவிட்டதால், துணிப்பை இல்லாமல் மார்க்கெட்டுக்குக் கிளம்புவது இங்கே யாருக்கும் தோன்றாது. காய்கறி, மருந்து, அத்தையின் பின்னலுக்கு நூல் உருண்டை எல்லாம் வாங்கிய பின் கடைசியாகத்தான், இவ்வூரின் மொறுமொறுப்பான அடுக்கு ரொட்டியான வர்க்கியை வாங்க வேண்டும். பைக்குள் அடியில் போனால் வீடு வந்து சேர்வது தூளாகத்தான். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து ஊட்டி வர்க்கிக்குச் சுற்றுலாக்காரர்களிடம் மவுசு கூடிவிட்டது. எங்களுக்கோ அது என்றும்போல் மாலைத் தேநீரில் தோய்த்துத் தின்னும் பண்டம். விறகு அடுப்பில் சுட்டு அன்றே வெளிவந்த வர்க்கிக்கும், வாரக்கணக்கில் அடுக்கில் இருந்த வர்க்கிக்கும் உள்ள வேறுபாட்டைக் குளிர்காலத்தில் நன்றாக உணரலாம். காற்றில் ஈரம் குறைவாக இருப்பதால் நல்ல வர்க்கி நாள்கணக்கில் மொறுமொறுப்பு மாறாமல் இருக்கும். மகனுக்கு ஸ்வெட்டர் வாங்க வேண்டிய ஆண்டுகளில் தாவரவியல் பூங்கா அருகே திபெத்தியர்கள் நடத்தும் கடைகளுக்குப் போவோம். வளரும் பிள்ளைக்கு இரண்டு அளவு பெரியதாக எடுக்க வேண்டும் என்று அத்தையும், சட்டை முழங்காலைத் தொடுகிறதே என்று அவனும் வாதாடுவது அங்கே வாடிக்கையான காட்சி.

படிக்கட்டில் எல்லோரும் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு திண்ணையில் உறங்கிக்கொண்டிருக்கும் இளைஞன் ஒருவன் உண்டு. எதிர்வீட்டு அண்ணனின் மகன். கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இயந்திரத்தில் வேலை. மேட்டுப்பாளையம் மண்டிக்குச் சரக்கு காலையில் போய்ச் சேர வேண்டும் என்பதால், வயலில் கேரட் பிடுங்குவதே நள்ளிரவுக்குப் பின் தலைவிளக்கு வெளிச்சத்தில் நடக்கும். கழுவிப் பைகளில் கட்டி லாரியில் ஏற்றி முடிக்கும்போது விடிந்துவிடும். பனி கொட்டும் இரவில் ஓடைத் தண்ணீரில் கைவைக்கும் வேலை அது. கீழே சாம்பாரில் கேரட்டைக் கண்டால் இந்தப் பிள்ளைகளின் விரல்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும். சுற்றுலாக்காரர்கள் ரசித்துப் படமெடுக்கும் அந்த வெள்ளைப் புல்வெளிக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வேலை நடப்பதை எந்தப் படத்திலும் பார்த்ததில்லை என்பது என் நெடுநாளைய குறை.

பயிருக்கும் பனி ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. மண்ணுக்குள் இருக்கும் கேரட் தப்பித்துவிடும். உருளைக்கிழங்குச் செடியின் இலை ஒரே இரவில் கருகிவிடும். தேயிலையில் கொழுந்து கருகினால் மீண்டும் துளிர்க்க வாரங்கள் பிடிக்கும். உறைந்த இலையின் மேல் காலை வெயில் சட்டென்று ஏறும்போதுதான் சேதம் பெருகும் என்பதால், சூரியன் வருவதற்கு முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிட வேண்டும். 1848-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவில் ஊழியர்கள் விடியற்காலையில் செய்வதும் இதைத்தான். அத்தை தம்முடைய ஜெரேனியத் தொட்டிகளுக்குச் செய்வதும் இதைத்தான். இரவில் தொட்டிகளின் மேல் மாமாவின் பழைய வேட்டிகளைப் போர்த்திவைப்பார். புல் கருகிப் போகும் இந்த மாதங்களில் காட்டுமாடுகள் தோட்டங்களைத் தேடி வீடுகளுக்கு அருகிலேயே வந்துவிடும்; விடியற்காலையில் வாசல் விளக்கைப் போட்டுப் பார்க்காமல் தொட்டிக்குப் போகக் கூடாது என்று அத்தைக்குத் தடை போட்டிருக்கிறோம்.

பண்டிகைகளும் இந்த இரண்டு மாதங்களில்தான் குவிகின்றன. டிசம்பர் நடுவிலிருந்தே இரவுகளில் கேரல் பாடும் குழுவினர் படியேறி வருவார்கள். குல்லாவும் மஃப்ளருமாக வரும் அவர்களில் யார் யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எல்லா வீட்டிலும் நின்று பாடுவார்கள். எல்லா வீட்டிலும் சுக்குக் காப்பி உண்டு. அடுத்து படுகர்களின் தெய்வமான ஹெத்தையம்மனின் பண்டிகை. மேல்வீட்டு அக்கா வெள்ளைத் துணி உடுத்திக்கொண்டு கோத்தகிரிக்கு அருகிலுள்ள பேரகணிக்குப் புறப்பட்டுவிடுவார். வீட்டுச் சாவி எங்களிடம் இருக்கும், கோழிகளுக்குத் தீனி போடுவது என் மகனின் வேலை. திரும்பி வந்தபின் ஒருநாள் எங்களை உண்ண அழைத்து அவரை உதக்க பரிமாறுவார். அந்த அவரைக்குழம்பின் பக்குவத்தைப் பலமுறை கேட்டு எழுதிக்கொண்டும் என் கைக்கு அது வரவில்லை. அவர்கள் வீட்டுப் பொடியில்தான் சூட்சுமம் என்பது என் ஊகம்.

பொங்கலுக்கு முன்பு நியாயவிலைக் கடையில் டோக்கன் வாங்கி வரிசையில் நிற்பது பெரிய வேலை. பரிசுத் தொகுப்பில் பச்சரிசியையும் சர்க்கரையையும் பையில் போட்டுக்கொள்ளலாம். முழுக் கரும்பை என்ன செய்வது? கரும்பு விளையாத இந்த மலைக்கு லாரியில் ஏறி வந்து, கடையிலிருந்து எங்கள் தோளில் ஏறி, படிக்கட்டில் எதிரே வருபவர்களையெல்லாம் ஒதுங்கச் செய்தபடி அது வீடு வந்து சேரும். தனியாக இருக்கும் பெரியவருடைய கரும்பையும் சேர்த்து என் கணவர் சுமந்து வருவார். பொங்கலன்று காலையில் வாசலில் பானை வைப்பதில் மட்டும் அத்தை பிடிவாதமாகச் சூரியனுக்குக் காத்திருப்பார். தண்ணீர் விரைவில் கொதிக்கும் உயரம் என்பதால் பால் பொங்குவதற்குக் கீழே வேண்டிய சூடுகூட இங்கே வேண்டாம்; அரிசி வேகத்தான் நேரமாகும். அந்த இடைவெளியில் தெருவில் எல்லா வீட்டுப் பொங்கலையும் ஒருமுறை பார்த்து வந்துவிடலாம்.

இவ்வளவு இணக்கமான தெருவில் குளிர்காலத்துக்கென்றே ஒரு சச்சரவும் உண்டு; அது ஒரு சைப்ரஸ் மரத்தைப் பற்றியது. படிக்கட்டுக்குத் தென்கிழக்கே, பூட்டிக் கிடக்கும் ஒரு பங்களாவின் எல்லையில் அது நிற்கிறது. மார்கழியில் சூரியன் நன்றாகத் தெற்கே ஒதுங்கி எழுவதால், தொட்டபெட்டாவைத் தாண்டி வந்த வெயில் இந்த மரத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, நடுப்படிகளுக்குப் பத்து மணி வரை வந்து சேர்வதில்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் அந்த மரத்தை யாரும் ஏறிட்டும் பார்ப்பதில்லை. 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, சொந்த நிலத்து மரமானாலும் அச்சட்டத்தின் கீழ் அமைந்த குழுவின் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது. அனுமதி கேட்க வேண்டிய உரிமையாளரோ பெங்களூரில் இருக்கிறார். எனவே பெரியவர் ஆண்டுதோறும் உரிமையாளருக்கு ஒரு கடிதமும் அலுவலகத்துக்கு ஒரு மனுவும் எழுதி, வெப்பமானிக் குறிப்புகளை இணைத்து, படிக்கட்டில் கையெழுத்து வாங்கத் தொடங்குவார். சட்டம் நல்லது, இல்லையென்றால் இந்த மலையில் மரமே இருந்திருக்காது என்பது என் கருத்து. கிளையை மட்டும் கழித்தால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன், அரைகுறை வேலையில் தமக்கு உடன்பாடில்லை என்றார்.

கையெழுத்துகள் சேர்ந்து முடிவதற்குள் மாசி பிறந்துவிடும். சிவராத்திரியை ஒட்டிச் சூரியன் வடக்கே நகர்ந்து, மரத்துக்கு இடப்புறமாகவே எழுந்துவிடும். இந்த ஆண்டு மனு கார்த்திகையிலேயே தயாராகிவிட்டதால் பெரியவருக்கு நம்பிக்கை அதிகம். மரத்துக்கு அடியில் இருக்கும் வீட்டு ஆசிரியர் மட்டும் இன்னும் கையெழுத்திடவில்லை. வெட்டும்போது அது எந்தப் பக்கம் சாயும் என்பதை யாராவது எழுதித் தரட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.